மூடுவதற்கு முன் பாருங்கள்: குடும்பமே முன்னின்று வீடு கட்டுவதற்கான வழிகாட்டி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள செபராங் பிறையில் அப்பா விட்டுச் சென்ற மனையில், அண்ணன், அக்கா, அம்மா, நான் என நால்வரும் பொறுப்பைப் பங்கிட்டுக்கொண்டு இரண்டு மாடி வீடு ஒன்றைக் கட்டி முடித்தோம். முழு வேலையையும் ஒரே குத்தகையாளரிடம் ஒப்படைக்காமல், பொருள்களை நாங்களே வாங்கி, கட்டுமானக் கூலி, கூரை, மின்சாரம், குழாய், ஓடு பதித்தல் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பேசி நடத்தினோம். இதே வழியில் இறங்க நினைக்கும் குடும்பங்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் ஒரே இடத்தில் விடை இருக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாமே முன்னின்று கட்டுவது என்றால் பொறியாளரின் வேலையையோ கொத்தனாரின் வேலையையோ நாம் செய்வது என்று பொருளல்ல. வீட்டில் பின்னாளில் பெருஞ்செலவு வைக்கும் குறைகளில் பெரும்பாலானவை மண்ணுக்கு அடியிலோ, கான்கிரீட்டுக்கு உள்ளேயோ, பூச்சுக்குப் பின்னாலோ மறைந்து கிடப்பவை. ஒவ்வொன்றும் மூடப்படுவதற்கு முந்திய அந்தச் சில மணி நேரத்தில் களத்தில் நிற்பதுதான் குடும்பத்தின் வேலை. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு வேலையைச் சுற்றியே அமைந்தவை.

படி 1: கெரான் (நில உரிமைப் பத்திரம்) யார் பெயரில் இருக்கிறது?

வீட்டு வரைபடத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் நில அலுவலகத்தில் கெரானைத் தேடிப் பார்த்து, அண்மைய நகலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கு இடங்களைப் படிக்க வேண்டும்: உரிமையாளர் பெயர், நிலத்தின் வகை, கட்டுப்பாடுகள், கேவியட் (நிலத்தைக் கைமாற்றத் தடை) ஏதும் உள்ளதா என்பது. நிலத்தின் வகை ‘பங்குனான்’ (கட்டட நிலம்) என்று இருக்க வேண்டும். ‘பெர்த்தானியான்’ (வேளாண் நிலம்) என்று இருந்தால் வகை மாற்றத்துக்கு விண்ணப்பித்து, பிரீமியம் கட்ட வேண்டிய நிலை வரலாம். அந்தத் தொகை வரவுசெலவுத் திட்டத்தையே மாற்றிவிடும் என்பதால், முதலிலேயே நில அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

நம் குடும்பங்களில் அதிகமாகக் காணும் சிக்கல் வேறு. கெரான் இன்னமும் இறந்துபோன தந்தையின் அல்லது தாத்தாவின் பெயரிலேயே இருக்கும், வரி மட்டும் ஆண்டுதோறும் கட்டப்பட்டு வரும். பெயர் மாறாமல் எந்த வரைபடமும் உள்ளூராட்சி மன்றத்தில் நகராது. 1955-ஆம் ஆண்டின் சிற்றுடைமைப் பகிர்வுச் சட்டத்தின்கீழ் நில அலுவலகத்திலேயே இதற்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் வாரிசுகள் அனைவரின் ஆவணங்களும் வேண்டும். பல பெயர்கள் பங்கு பிரிக்கப்படாமல் இருக்கும் நிலத்தில், ஒருவர் வீடு கட்டுவதற்கு மற்றவர்களின் சம்மதத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பிக்குள் கையெழுத்து எதற்கு என்று கூச்சப்பட வேண்டாம். சுவர் எழும்பிய பிறகு வரும் மனக்கசப்பு தலைமுறை தாண்டியும் ஆறாது.

இதே கட்டத்தில், பதிவு பெற்ற நில அளவையாளரை அழைத்து எல்லைக் கற்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பழைய வேலி எல்லையே அல்ல. எங்கள் மனையில் மூங்கில் புதருக்குள் புதைந்திருந்த ஒரு கல், நாங்கள் நினைத்த இடத்திலிருந்து ஏறக்குறைய 3 அடி உள்ளே இருந்தது.

படி 2: சட்டம் யாரிடம் கையெழுத்துக் கேட்கிறது?

1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் (சட்டம் 133) 70-ஆவது பிரிவின்படி, உள்ளூராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எந்தக் கட்டடத்தையும் எழுப்பக்கூடாது. தீவில் இருப்பவர்களுக்குப் பினாங்கு மாநகர் மன்றம், பெருநிலப் பகுதியில் இருப்பவர்களுக்குச் செபராங் பிறை மாநகர் மன்றம், தலைநகரில் கோலாலம்பூர் மாநகர் மன்றம். தீவில் மலைச்சரிவு நிலம் வைத்திருப்பவர்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடல்மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேலுள்ள நிலத்துக்கும் 25 பாகைக்கு மேல் சரியும் நிலத்துக்கும் பினாங்கில் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன.

விண்ணப்பத்தை நாமே கொடுக்க முடியாது. கட்டடக் கலைஞர், தொழில்முறைப் பொறியாளர், பதிவு பெற்ற கட்டட வரைவாளர் ஆகியோரில் ஒருவர்தான் முதன்மைச் சமர்ப்பிப்பாளராக இருக்க வேண்டும். 2007 ஏப்ரல் 12-ஆம் தேதிக்குப் பிறகு, பழைய சிஎஃப் (குடியேறும் தகுதிச் சான்றிதழ்) முறைக்குப் பதிலாக சிசிசி என்னும் நிறைவுச் சான்றிதழ் முறை வந்தது. அதை வழங்குபவரும் இதே சமர்ப்பிப்பாளர்தான். ஜி1 முதல் ஜி21 வரையுள்ள படிவங்களில் மண் வேலை, அளவு குறித்தல், அடித்தளம், கட்டமைப்பு, குழாய், மின்சாரம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் வேலை செய்தவரும் மேற்பார்த்தவரும் கையெழுத்திடுகிறார்கள். எனவே இவரைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை முறை களத்துக்கு வருவார், எந்தெந்தக் கட்டத்தில் வருவார் என்பதை நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.

சட்டம் 520, கட்டுமானப் பணியை மேற்கொள்பவர் சிஐடிபியில் (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில்) பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது. ஆகவே, குடும்பமே நிர்வாகம் செய்தாலும் கட்டமைப்பு வேலைக்குப் பதிவு பெற்ற ஒரு குத்தகையாளர் இருந்தே ஆக வேண்டும். அவர் வெறும் பெயர் கொடுத்து ஒதுங்கிக்கொள்பவராக இல்லாமல், களத்தில் உண்மையாகவே வேலை நடத்துபவராக இருக்க வேண்டும். சிஐடிபியின் ஜி1 முதல் ஜி7 வரையுள்ள தரநிலைகள் வேறு, மேலே சொன்ன ஜி படிவங்கள் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஜி7 தவிர மற்ற ஒவ்வொரு தரநிலைக்கும் வேலை மதிப்பில் ஓர் உச்சவரம்பு உண்டு. சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். 5 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும் ஒப்பந்தத்துக்கு 0.125 விழுக்காடு சிஐடிபி தீர்வை உண்டு. 6 லட்சம் ரிங்கிட்டுக்கு அது 750 ரிங்கிட். சிறிய தொகைதான், ஆனாலும் யார் கட்டுவது என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

களத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரிடமும் சிஐடிபி அட்டையும், வெளிநாட்டவராயின் செல்லுபடியாகும் பெர்மிட்டும் இருக்க வேண்டும். பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால், குடிநுழைவுச் சட்டம் 55பி பிரிவின்கீழ் ஆளொன்றுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு அமைப்பு) பாதுகாப்பு 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் உண்டு. குத்தகையாளர் சந்தா கட்டிய ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது தொழிலாளியின் மீதுள்ள அக்கறை, உங்களுக்கும் பாதுகாப்பு. கட்டுமானக் காப்புறுதியையும் வேலை தொடங்குமுன் எடுத்துவிடுங்கள்.

படி 3: மண்ணைக் கேளுங்கள்

செலவைக் குறைக்க நினைக்கும் குடும்பங்கள் முதலில் கைவைப்பது மண் சோதனையில்தான். அது பெருந்தவறு. செபராங் பிறையின் கரையோரப் பகுதிகளில் மென்மையான கடற்களிமண் ஆழமாக இருக்கும். கோலாலம்பூரிலோ சுண்ணாம்புப் பாறைக் குழிகளும் பழைய ஈயச் சுரங்க நிலங்களும் வேறுவகை ஆபத்தைத் தருகின்றன. சாதாரண வீட்டுக்கு மெக்கின்டோஷ் சோதனையிலிருந்து தொடங்கலாம். 5 கிலோ எடையைத் திரும்பத் திரும்ப விழச்செய்து, கம்பி 300 மில்லிமீட்டர் இறங்க எத்தனை முறை தட்ட வேண்டியிருக்கிறது என்று எண்ணிக் குறிக்கும் எளிய முறை அது. அந்த எண்களைக் கொண்டு பொறியாளர் அடித்தளத்தை முடிவு செய்வார்: சாதாரணப் பாதமா, பாக்காவ் என்னும் சதுப்புநில மரக் கழிகளா, கான்கிரீட் பைலா (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூணா) என்பது. பாக்காவ் மரம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே எப்போதும் நனைந்தே இருந்தால்தான் உளுத்துப்போகாமல் நிற்கும்.

எங்கள் தாமானைச் (குடியிருப்புப் பகுதியைச்) சுற்றிப் பார்த்தால் இன்னொரு பாடமும் கண்ணில் படும். வீடு அசையாமல் நிற்கும், கார் நிறுத்தும் போர்ச்சும் வீட்டைச் சுற்றிய சிமெண்டுத் தளமும் ஒரு சாண் இறங்கியிருக்கும். பைல் வீட்டுக்கு அடியில் மட்டும் போடப்பட்டதே காரணம். போர்ச்சுக்கும் பைல் வேண்டுமா என்று வரைபடக் கட்டத்திலேயே பொறியாளரிடம் கேளுங்கள்.

படி 4: வரைபடமும் வாஸ்துவும்

1984-ஆம் ஆண்டின் ஒருமைக் கட்டட துணைச் சட்டங்கள் குறைந்தபட்ச அளவுகளைச் சொல்கின்றன. முதல் வசிப்பறை 11 சதுர மீட்டருக்கும், இரண்டாவது 9.3 சதுர மீட்டருக்கும், மற்றவை 6.5 சதுர மீட்டருக்கும் குறையக்கூடாது. வசிப்பறை, படுக்கையறை உயரம் 2.5 மீட்டர். சன்னல் பரப்பு அறைத் தரையில் 10 விழுக்காடாவது இருக்க வேண்டும், அதில் பாதியளவாவது காற்றுப் புகத் திறக்க வேண்டும். இவை குறைந்தபட்ச அளவுகள்தாம். நம் வெப்பத்துக்கு இதைவிடத் தாராளமாக விடுங்கள்.

வாஸ்து பார்ப்பவர்கள் வரைபடம் மன்றத்துக்குப் போவதற்கு முன்னால் பார்த்து முடித்துவிட வேண்டும். தூண் எழும்பிய பிறகு பெரிய மாமா வந்து, சமையலறை அக்கினி மூலையில் இல்லையே என்று சொல்லிப் பயனில்லை. இடத்தை மாற்றினால் திருத்திய வரைபடத்தை மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும், பொறியாளரின் கணக்கும் மாறும். பூசையறையில் விளக்குப் புகை வெளியேற வழி, முழுக் குடும்பமும் கூடிச் சமைக்கும் நாளுக்கு வெளிச்சமையற்கட்டு, வயதானவர்களுக்குக் கீழ்த்தளத்தில் குளியலறையோடு ஒரு படுக்கையறை ஆகியவற்றையும் இப்போதே எழுதிக் கொடுங்கள்.

படி 5: பணமும் எழுத்தும்

ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் முதல் மூன்று கணக்குகள் உள்ளன. வீடு கட்டுவதற்கான மீட்பு அவற்றுள் செஜாத்திரா கணக்கிலிருந்து வரும். அரசு ஊழியர்களுக்கு எல்பிபிஎஸ்ஏ (பொதுத்துறை வீட்டுக் கடன் வாரியம்) கடனில், சொந்த நிலத்தில் வீடு கட்டுவதற்கென்றே தனி வகை உண்டு. எந்தக் கடனாயினும் கட்டம் கட்டமாகத்தான் பணம் விடுவிக்கப்படும் என்பதை மறக்காதீர்கள். வேலை முடிந்து, சான்று போய், பணம் வரும்வரை கூலி கொடுக்கக் கையில் இருப்பு வேண்டும். கைமுதல் தீர்ந்து வேலை நின்றுபோன வீடுகளில் மழையில் துருவேறும் கம்பிகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கும்.

ஒவ்வொரு கூலிக் குழுவோடும் ஒரு பக்கமாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: வேலையின் எல்லை எது, பொருள் யாருடையது, எந்தக் கட்டத்தில் எவ்வளவு, தாமதமானால் என்ன என்பவை அதில் இருக்கட்டும். முன்பணம் கொடுப்பதைத் தவிருங்கள், முடிந்த வேலைக்கு மட்டும் கொடுங்கள். 5 விழுக்காட்டை வீடு முடிந்து குறைந்தது ஆறு மாதம், ஒரு மழைக்காலம் கடக்கும் வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் கணக்கு முழுவதும் அக்காவிடம், களத்தில் உத்தரவு சொல்வது அண்ணன் ஒருவர் மட்டும், மன்றம், பொறியாளர், ஆவணம் ஆகியவை என்னிடம். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் எந்தக் கொத்தனாரும் தன் விருப்பப்படிதான் செய்வார்.

படி 6: மழையும் முகூர்த்தமும்

பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் மழை மிகுதி. ஆண்டுத் தொடக்கத்தில் வறட்சி. எனவே தை மாதத்தில் மனைப்பூசை செய்து மண் வேலையைத் தொடங்கினால், மழை வலுப்பதற்குள் கூரையை எட்டிவிட முயலலாம். நிலைவாசல் வைப்பதற்கான நாளை வேலைத் திட்டத்தோடு சேர்த்தே குறியுங்கள். ஆடியில் நிலை வைக்கக்கூடாது என்று வீட்டார் நினைத்தால், அந்த வாரங்களுக்கு வேறு வேலை இருக்குமாறு மண்டோரிடம் (களத்து மேஸ்திரியிடம்) முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும்.

படி 7: அடித்தளம் முதல் ஸ்லாப் (மாடியின் கான்கிரீட் தளம்) வரை

இந்தக் கட்டத்தில் விடுப்பு எடுத்தாவது களத்தில் இருங்கள். அளவு குறித்தபின் மூலைகளை 3-4-5 முக்கோணத்தால் சோதியுங்கள், இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருக்க வேண்டும். தரைத்தள கான்கிரீட்டுக்கு முன்னால் கரையான் மருந்து தெளிக்கப்பட்டதா என்று பார்த்து, உத்தரவாதக் கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். தளம் போட்ட பிறகு அந்த வேலையைச் சரியாகச் செய்யவே முடியாது.

கம்பி வந்திறங்கும்போது எடை பாருங்கள். மில்லிமீட்டரில் அளந்த விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 10.7 கிலோ, 16 மில்லிமீட்டர் கம்பி ஏறத்தாழ 19 கிலோ. ஐந்து கம்பிகளை ஒன்றாக நிறுத்துப் பார்த்து, கணிசமாகக் குறைந்தால் திருப்பி அனுப்புங்கள். மணலுக்கு ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். பாதி மணல், மேலே தண்ணீர், நன்றாகக் குலுக்கி ஓரிரவு வைத்தால் வண்டல் மேலே தனிப் படலமாகப் படியும். மணலின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கை அந்தப் படலம் எட்டினால் அந்த லோரி வேண்டாம். கடல் மணல் எந்த விலைக்கும் வேண்டாம், உப்பு கம்பியைத் தின்றுவிடும்.

முதல் மாடி ஸ்லாப் போட்ட காலையைச் சொல்கிறேன். ஆயிரம் சதுர அடி, 125 மில்லிமீட்டர் கனம், ஆக ஏறக்குறைய 11.6 கன மீட்டர். இரண்டு லோரி ரெடிமிக்ஸ் (ஆலையில் கலந்து வரும் கான்கிரீட்) சொல்லியிருந்தோம். ஏழு மணிக்கு அண்ணன் கான்கிரீட்டைத் தாங்கும் பலகை மேல் ஏறிப் பார்த்தபோது, முந்தின மாலை சரியாக இருந்த கம்பிவலை நடுவில் பலகையோடு ஒட்டிக் கிடந்தது. இரவில் ஆட்கள் அதன்மேல் நடந்ததில், கம்பியைப் பலகையிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் கவர் கட்டைகள் சாய்ந்திருந்தன. வரைபடம் 25 மில்லிமீட்டர் இடைவெளி கேட்டது. “தம்பி, லோரி வாசலுக்கு வந்துடுச்சு, வைப்ரேட்டர் போட்டா தூக்கிக்கும்” என்றார் மண்டோர். வைப்ரேட்டர் கான்கிரீட்டை அதிர்வித்து இறுக்குமே தவிர, கம்பியைத் தூக்கிவிடாது. அப்படியே கான்கிரீட் விழுந்தால் கம்பி அடிப்பக்கத்தில் மூடப்படாமல் நின்று, சில ஆண்டுகளில் துருவேறி, கூரைப்பூச்சு பெயர்ந்து விழும். அண்ணன் லோரியை நிறுத்திவைத்து, நால்வரைக் கொண்டு கட்டைகளை மீண்டும் வைத்தார். நாற்பது நிமிடம் ஆயிற்று.

அதற்குள் கலவை இறுகத் தொடங்கியதால் ஓட்டுநர் தண்ணீர் ஊற்ற முயன்றார். நான் மறுத்தேன். கூடுதல் தண்ணீர் கலவையை இளக்கும், வலுவைக் குறைக்கும். டெலிவரி சீட்டில் கலந்த நேரம் இருக்கும். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்க வேண்டும். நேரம் போதாது என்று தெரிந்ததும் பொறியாளரைத் தொலைபேசியில் கேட்டு, அந்த லோரியை ஸ்லாபுக்குப் பயன்படுத்தாமல் திருப்பி அனுப்பிவிட்டு வேறொன்றை வரவழைத்தோம். அதற்கான பணம் எங்களுடையதுதான், ஏனெனில் தாமதம் எங்கள் களத்தில் நேர்ந்தது. லோரி புறப்படும் முன்பே, அதாவது முந்தின இரவும் விடியற்காலையும், பலகை மேல் ஏறிப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் அப்படிச் செய்யுங்கள்.

ஒவ்வொரு கான்கிரீட் நாளிலும் கலவையின் இளக்கத்தைக் காட்டும் சரிவுச் சோதனையைப் பாருங்கள், வலுச் சோதனைக்கு 150 மில்லிமீட்டர் கான்கிரீட் கனசதுரங்களை எடுக்கச் சொல்லி 7, 28 நாள் முடிவுகளைப் பொறியாளருக்கு அனுப்புங்கள். தரம் 25 என்றால் 28-ஆம் நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். பிறகு நீராற்றுதல். ஏழு நாள்களுக்குக் குறையாமல் ஸ்லாப் ஈரமாகவே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதை அம்மா ஏற்றுக்கொண்டார். கோணிச் சாக்குகளை விரித்து, காலை, நண்பகல், மாலை என்று ஹோஸ் பிடித்தார். கூலிக்கு ஆள் வைத்திருந்தால் இவ்வளவு நேர்த்தியாக நடந்திருக்காது. முட்டுகளை எப்போது எடுப்பது என்பதைப் பொறியாளர் மட்டுமே சொல்ல வேண்டும். அடுத்த வீட்டு வேலைக்குப் பலகை தேவைப்படுகிறது என்ற அவசரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

படி 8: சுவரும் கூரையும்

அரைக்கல் சுவருக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 60 செங்கற்கள் கணக்கிடுங்கள், உடைசலுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். கல்லை நனைத்து வைக்கச் சொல்லுங்கள். சுவரும் பீமும் சேருமிடத்தில் பூச்சுக்கு முன் வலை அடிக்காவிட்டால் வெடிப்பு நிச்சயம். இரும்புக் கூரைச் சட்டத்துக்கு அதைச் செய்து தருபவரின் பொறியாளர் கையெழுத்திட்ட கணக்கு இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் சூரிய வெந்நீர்க் கலமும் எங்கே உட்காரும் என்பதை அந்தக் கணக்குக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 9: குழாய், வயர், குளியலறை

மின்வேலையைச் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையத்தில்) பதிவு பெற்ற வயர்மேனிடம் மட்டும் கொடுங்கள். முடிவில் அவர் கையெழுத்திடும், மின்வேலைக்கே உரிய ஜி, எச் படிவங்கள் (ஜி1 முதல் ஜி21 வரையுள்ளவை வேறு) இல்லாமல் தெனாகா நேஷனல் நிறுவனத்தின் மின் இணைப்புக் கிடைக்காது. வெந்நீர்க் கலத்துக்கு 10 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) போடப்பட்டிருக்கிறதா என்று நீங்களே பெட்டியைத் திறந்து படியுங்கள். பிளக்குகளுக்கு 30 மில்லிஆம்பியர்.

குளியலறையில் நீர்த்தடுப்பு பூசியபின், வடிகாலை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி ஒரு முழு நாளாவது விட்டு, கீழிருந்து பாருங்கள். அதற்குப் பிறகே ஓடு. கழிவுக்குழாய்களைத் தண்ணீர் நிரப்பிச் சோதிக்காமல் மண் போட்டு மூட விடாதீர்கள். பொதுக் கழிவுநீர்க் குழாய் இல்லாத இடத்தில் மலத்தொட்டி வரும். லோரி வந்து உறிஞ்சுவதற்கு வழி இருக்குமாறு அதன் இடத்தை அமையுங்கள்.

பூச்சு வேலைக்கு முந்தின நாள், ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவை நீட்டி வைத்துப் படம் எடுங்கள். அறையின் பெயர், சுவரின் திசை, தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அந்தப் படத்துக்குள்ளேயே வையுங்கள்.

படி 10: சிசிசியும் அதற்குப் பின்னும்

ஜி படிவங்கள் நிறைவடைந்து, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்புகளுக்கான ஒப்புதல்கள் வந்த பின்னரே சிசிசி கிடைக்கும். கிரகப்பிரவேசத் தேதியைப் பத்திரிகையில் அச்சடிக்குமுன் சமர்ப்பிப்பாளரிடம் கேளுங்கள். பூசை நடத்தத் தடையில்லை என்று நினைத்துச் சான்றிதழ் இல்லாமலே குடியேறுவது சட்டப்படி குற்றம், கடன், காப்புறுதி விவகாரங்களிலும் அது தொல்லையாகும்.

நிறுத்தி வைத்த 5 விழுக்காட்டை ஒரு மழைக்காலம் கண்ட பிறகு விடுவியுங்கள். கூரை மூலை, சன்னல் விளிம்பு, போர்ச் இணைப்பு ஆகியவை அப்போதுதான் உண்மையைச் சொல்லும். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்: கெரான், வரைபடங்கள், கனசதுர முடிவுகள், கரையான் உத்தரவாதம், ரசீதுகள், சுவர்ப் படங்கள். குடிவந்த அடுத்த ஆண்டு அம்மாவின் அறைக்கு ஏர்கோன் பொருத்த வந்தவர் துளையிட வைத்த இடத்தில் கோப்புப் படத்தை வைத்துப் பார்த்தோம். சரியாக அதே இடத்தில்தான் பூச்சுக்குப் பின்னால் மேல்மாடிக் குளியலறையின் தண்ணீர்க் குழாய் ஓடியது. துளையை ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிப் போட்டார்.